குண்டுகரிச்சானும் அரை அடி நகர்வும்: படப் பயிற்சிக் குறிப்பு

இந்தச் சுற்றுக்கு ஒரே பறவைதான்: குண்டுகரிச்சான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை விடியற்காலையில் திறந்த கிளை நுனிக்கு வந்து நெடுநேரம் பாடும், அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். பறவையைத் தேடி அலையாமல் ஃப்ரேமை மட்டும் கவனிக்க இதைவிட நல்ல பறவை கிடையாது.

போன சுற்றுப் படங்களில் பறவை கூர்மையாகவே இருந்தது. ஆனாலும் படம் மனதில் நிற்கவில்லை. 'பின்னணி சரியில்லை' என்று படத்துக்குப் படம் எழுதி வைத்ததால் பயனும் இல்லை. மறுநாள் எங்கே போய் நிற்பது என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லையே. அதனால் இம்முறை ஒரே விதி: எந்தக் குறையைச் சொன்னாலும் அது உடம்பால் செய்யக்கூடிய ஒரு வேலையாக முடிய வேண்டும்.

பின்னணி

அதிக நேரம் எடுத்ததும் அதிகப் பலன் தந்ததும் இதுதான். கிளை தரையிலிருந்து 90 செ.மீ. உயரம். கேமராவிலிருந்து பறவை 5 மீட்டர் தூரம். நின்றபடி எடுத்தால் லென்ஸ் 150 செ.மீ. உயரத்தில் இருக்கும். 5 மீட்டருக்குள் பார்வைக்கோடு 60 செ.மீ. இறங்கிவிடுகிறது. அதே சரிவில் போனால் பறவைக்குப் பின்னால் ஏழரை மீட்டரில் தரையில் முட்டும். படமெல்லாம் சருகும் கல்லுமாக வந்ததற்குக் காரணம் அதுதான். மண்டியிட்டு லென்ஸைக் கிளை மட்டத்துக்கு இறக்கியதும் கோடு தரைக்கு இணையானது. கேமராவிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிழலில் நிற்கும் புதர் பின்னணியாகி, ஒரே பச்சையாகக் கரைந்தது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை, தொடவே இல்லை.

பக்கவாட்டு நகர்வுக்கும் இதே கணக்குதான். பறவை 5 மீட்டரிலும் புதர் 20 மீட்டரிலும் இருந்தால், நாம் அரை அடி நகரும்போது பறவைக்குப் பின்னால் தெரியும் இடம் ஒன்றரை அடி மாறிவிடும். முழு ஃப்ரேம் கேமராவில் (சென்சார் அகலம் 36 மி.மீ.) 400 மி.மீ. லென்ஸ் 20 மீட்டரில் காட்டும் அகலம் 1.8 மீட்டர். ஒன்றரை அடி என்பது அதில் கால்வாசி. அலகுக்குப் பின்னால் துருத்தும் வெளிச்சப் பொட்டை ஒதுக்க இவ்வளவு போதும். நாம் நகரும் பக்கமே பின்னணியும் நகரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பொட்டு இடப்பக்கம் போக வேண்டுமானால் நாமும் இடப்பக்கம் போக வேண்டும். முதலில் இதை மாற்றிச் செய்ததில் பொட்டு நேராகத் தலைக்குப் பின்னாலேயே வந்து நின்றது.

பறவை வந்தபின் மண்டியிட்டால் பறந்துவிடும். இருட்டு விலகுவதற்குள் உட்கார்ந்து, வெறும் கிளையை ஒரு படம் எடுத்துப் பின்னணியைச் சரிபார்த்துவிட வேண்டும்.

கண்

கறுத்த தலையில் கருவிழி. கண்ணில் ஒளிப்புள்ளி விழாவிட்டால் இந்தப் பறவைக்குக் கண்ணே இல்லாதது போலத் தெரியும். தலை நம்மை விட்டுச் சற்றே விலகித் திரும்பியிருந்தாலும் புள்ளி போய்விடுகிறது. பக்கவாட்டிலிருந்து லேசாக நம் பக்கம் திரும்பிய தலைதான் சரியான கோணம். மேகமூட்டமான காலையில் வானமே கண்ணின் மேல்பகுதியில் வெள்ளையாகப் பதிகிறது. வெயில் வந்துவிட்டால் நம் நிழல் பறவையை நோக்கி விழும்படி உட்கார வேண்டும்.

கண் கண்டறியும் ஃபோகஸ் இங்கே அடிக்கடி ஏமாற்றியது. கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும் கண்ணை விட்டுவிட்டு, இறக்கையின் வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சின்ன ஒற்றைப் புள்ளியைக் கண்ணை ஒட்டி வைத்ததும் சரியானது. 5 மீட்டரில் எஃப் 5.6 அபெர்ச்சருக்குக் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) கிடைக்கும் கூர்மை ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் அளவு, ஏறக்குறைய 5 செ.மீ., எஃப் 8-க்கு 7.5 செ.மீ. பறவையோ வால் நுனி வரை 19 செ.மீ. அளவு நீளம். அது நம்மை நோக்கிச் சாய்வாக உட்கார்ந்தால் எஃப் 8 கூட வாலைக் காப்பாற்றாது; ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) மட்டும் இருமடங்காகும். அதனால் எஃப் 5.6-லேயே இருந்து கண்ணையும் அலகையும் பிடிப்பதுதான் நல்லது. வால் மங்கினால் மங்கட்டும்.

பாடும் கணம்

உடம்பு அசையாமல் இருப்பதைப் பார்த்து ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும் என்று நினைக்கத் தோன்றும். கண் கூர்மையாக வரும், அலகு நுனி இரட்டையாக வரும், தொண்டை இறகு பஞ்சாகிவிடும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு நம் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பறவையின் ஆட்டத்தை நிறுத்தாது. 1/800-இல் அலகு தெளிந்தது. வாலைச் சடக்கென்று உயர்த்தும் கணத்துக்கு 1/1600 தேவைப்பட்டது. மூன்று நான்கு ஃப்ரேம்களாக விட்டு விட்டு எடுப்பது நல்லது. அதில் ஒன்றில் கண்மேல் இமைப்படலம் வந்து பால் பூத்தது போல இருக்கலாம். அதை யோசிக்காமல் நீக்கிவிடலாம்.

வெளிச்ச அளவு: கறுப்புப் பறவை, நிழலான புதர், இரண்டையும் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, இறக்கைப் பட்டையும் வயிறும் வெளுத்துப்போகின்றன. வெளிச்சத் திருத்தத்தை மேகத்தில் மைனஸ் 2/3, நேர் வெயிலில் மைனஸ் 1 வைத்ததும் வெள்ளை இறகில் வரிகள் திரும்பின. பிறகு கணினியில் நிழற்பகுதியை அளவுக்கு மேல் தூக்கினால் கறுப்பு சாம்பலாகி, முதுகின் நீலப் பளபளப்பு அழிந்துவிடும். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

ஒரு படத்தின் விமர்சனம்

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. பறவை வலப்பக்கம், பார்வை இடப்பக்கம், அலகு திறந்திருக்கிறது, வால் செங்குத்தாக நிற்கிறது. முதலில் எழுதிய குறிப்பு: 'அருமையான கணம், கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது.' அதே படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது பார்வை பறவைக்குப் போகாமல் மேல் மூலைக்குப் போனது. அங்கே ஒரு வெளிறிய குச்சி. பிறகு நான்கு ஓரங்களையும் விரலால் தடவுவது போலச் சுற்றிப் பார்த்ததில், வால் நுனி மேல் விளிம்பை ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. திருத்திய குறிப்பு: 'வால் எழும் என்று எதிர்பார்த்து, கிளையை ஃப்ரேமின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கு. குச்சி வெளியே போக அது இருக்கும் வலப்பக்கமே அரை அடி நகர். இங்கிருந்து க்ராப் செய்து (ஓரங்களை வெட்டி) மீட்க முடியாது.'

கடைசி வரி முக்கியம். விளிம்புக்கு வெளியே போய்விட்டதை க்ராப் சேர்க்காது. 6000×4000 படத்தை இருபுறமும் பாதியாக்கினால் மிஞ்சுவது கால் பங்கு பிக்ஸல்தான். ஐஎஸ்ஓ 3200-இன் புள்ளிகள் இறகின் மேல் மணலாகத் தெரியும். 'எடுப்பதற்கு எவ்வளவு கஷ்டம்' என்பதையும் விமர்சனத்தில் சேர்க்கக் கூடாது. கஷ்டம் படத்தில் தெரியாது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கவில்லை. எல்லை காக்கும் பறவை அதைப் போட்டியாளன் என்று நம்பி, தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு அலையும். பாட்டை நிறுத்திக் கரகரவென்று சீறினாலோ, அலகில் புழுவோடு கிளையிலேயே தயங்கி நின்றாலோ கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அன்றைக்குக் கேமராவை மூடி, பின்வாங்கிவிட வேண்டும்.

இன்னும் கைக்கு வராதது எதிர்வெளிச்சம். வால் இறகின் ஓரம் பொன்னாக எரிகிறது, தலையோ வெறும் நிழலாகிறது. அடுத்த சுற்றில் அதே கிளையின் மறுபக்கம் உட்கார்ந்து, சூரியன் புதருக்கு மேல் எழுவதற்கு முந்தைய சில நிமிடங்களை மட்டும் முயல வேண்டும். அங்கே தரை சரிவு, முக்காலியின் ஒரு காலை நீட்ட வேண்டியிருக்கும்.