மூணு சபை, ஒரு நோட்டு

ஜனவரி 11, சனி

இன்னிக்கு மொத தடவையா மூணு சபை ஆளுங்களும் ஒரே ரூம்ல உக்காந்தோம். நாங்க, கத்தோலிக்க பங்கு (அவங்க சர்ச் வட்டாரத்த அப்படித் தான் சொல்வாங்க), அப்புறம் பெந்தெகொஸ்தே சபை. ஆரம்ப ஜெபம் யார் பண்றதுங்கறதுலயே பத்து நிமிஷம் போச்சு, "நீங்க பண்ணுங்க பாஸ்டர்", "இல்ல ஃபாதர், நீங்க தான் மூத்தவர்"னு ஒருத்தர ஒருத்தர் தள்ளி விட்டுக்கிட்டே இருந்தாங்க. மினிட்ஸ் எழுதற வேல என் தலையில. நான் ஜெபம்னு எழுதறத பங்குப்பேரவை அண்ணன் எட்டிப் பாத்து, "நாங்க செபம்னு எழுதுவோம் தம்பி"ன்னாரு. சிரிச்சுக்கிட்டே ரெண்டையும் எழுதி வச்சேன்.

முடிவானது ஒண்ணே ஒண்ணு. மாசாமாசம் கஷ்டப்படற குடும்பங்களுக்கு சாமான் பை குடுக்கறத இனிமே சேந்து பண்றது. அதுக்கு மூணு லிஸ்ட்டையும் ஒரே நோட்டுல ஏத்தணும், அதுவும் நான் தான். ரெண்டு மணி நேர வேலன்னு நெனச்சு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஜனவரி 14

ரெண்டு மணி நேரமா, மூணு ராத்திரி போயிடுச்சு. ஒரே ஆளு எங்க லிஸ்ட்ல வீட்டுப் பேர்ல, இன்னொரு லிஸ்ட்ல ஞானஸ்நானப் பேர்ல, மூணாவதுல "தையக்கார அம்மா"ன்னு மட்டும். எல்லாத்தையும் பிரிச்சு மேஞ்சு பாத்தா ஒன்பது குடும்பம் மூணு லிஸ்ட்லயும் இருக்கு. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், ஒரு பை பத்தாததால தான மூணு எடத்துல போய் நிக்கறாங்க. வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு ஆண்டவர் சொன்னத நாங்க கொஞ்சம் ஓவராவே கடைபிடிச்சிருக்கோம்.

ஆனா ராத்திரி தூங்க விடாதது அது இல்ல. எங்க சர்ச் பின்சுவத்த ஒட்டி ஒரு சந்து இருக்கு, மணி அடிச்சா மொதல்ல கேக்கறது அவங்களுக்குத் தான். அந்த சந்துல இருந்து ஒரு பேரு கூட மூணு லிஸ்ட்லயும் இல்ல.

ஜனவரி 25, சனி

நெனச்ச மாதிரியே சண்ட. சந்து மேட்டர சொன்னதும் எங்க மூப்பர் ஒருத்தர், "நம்ம விசுவாசிகளுக்கே பத்தல, இதுல வெளி ஆளுங்களுக்குமா"ன்னாரு. பைபிள்ல கலாத்தியர் 6:10 எடுத்தாரு, "விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்"னு இருக்குல்லன்னாரு. பாஸ்டரம்மா சத்தமே இல்லாம, "ஐயா, அதுக்கு முன்னாடி வார்த்த 'யாவருக்கும்'னு இருக்கு, அதையும் சேத்து வாசிங்க"ன்னாங்க. ரூமே அமைதி.

அப்புறம் ஃபாதர் ஒரு விஷயம் சொன்னாரு, எனக்கு ரொம்பப் புடிச்சுது. நாலாம் நூற்றாண்டுல ஜூலியன்னு ஒரு ரோம ராஜா, கிறிஸ்தவத்த விட்டுட்டு பழைய தெய்வங்கள திரும்பக் கொண்டு வரப் பாத்தவரு. 362 வாக்குல அவரு தன் மதத்து தலைமை பூசாரி ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல பொலம்பறாராம், இந்த கலிலேயக்காரங்க (கிறிஸ்தவங்கள அவரு அப்படித் தான் சொல்வாரு) அவங்க ஏழைங்களோட நம்ம ஏழைங்களையும் சேத்து பாத்துக்கறாங்க, நமக்குத் தான் அசிங்கம்னு. புடிக்காதவன் வாயில இருந்து வர்ற சர்டிஃபிகேட்ட விடப் பெரிய சர்டிஃபிகேட் என்ன இருக்கு? மூப்பர் அப்பவும் மூஞ்சிய உம்முனு தான் வச்சிருந்தாரு, ஆனா வோட்டுக்கு கைய தூக்குனாரு.

வீட்டுக்கு வந்து பைபிள்ல அப்போஸ்தலர் 6 வாசிச்சேன். ஆதி சபையிலயே இதே பிரச்சன, கிரேக்க மொழி பேசற யூத விதவைங்கள அன்றாட விசாரணையில, அதாவது தினமும் உதவி பங்கிடறதுல, விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு. பந்தி விசாரிக்க ஏழு பேர தேர்ந்தெடுத்தாங்க, ஸ்தேவான்ல இருந்து நிக்கொலா வரைக்கும் ஏழுமே கிரேக்கப் பேரு. விட்டுப்போன பக்கத்து ஆளுங்க கையிலயே கரண்டிய குடுத்துட்டாங்கன்னு தான் எனக்குத் தோணுது. நாங்க கமிட்டி போட்டோமே, அந்த சந்துல இருந்து யாரு இருக்கா?

பிப்ரவரி 8, சனி

மொத விநியோகம். கூட்டம், சத்தம், யாரோ மைக் செட் வேற கொண்டு வந்துட்டாங்க, எதுக்குன்னே தெரியல. பை மேல மூணு சபை பேரும் பெருசா அடிச்சிருந்துச்சு, எந்தப் பேரு மேல வரணும்னு ஒரு வாரம் பேசுனதுல என் பொறுமையே போயிருந்துச்சு.

சந்துல இருந்து ஒரு அக்கா வந்திருந்தாங்க. கையெழுத்து போட்டு பைய வாங்கிட்டு நேரா கேட்டுக்குப் போகல. ஓரமா படிக்கட்டுல உக்காந்தாங்க. சாமான் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து மடியில வச்சாங்க, பைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மூலையெல்லாம் வெரலால தள்ளி விட்டாங்க, எழுத்து உள்ள போயிடுச்சு, மறுபடி அடுக்கி வச்சு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு நிமிஷம் இருக்கும். நாலடி தள்ளி பேனாவ வச்சுக்கிட்டு நான் நின்னுட்டு இருந்தேன்.

சாயங்காலம் வாட்ஸாப் குரூப்ல எங்க வாலன்டியர் ஒருத்தர் முப்பது ஃபோட்டோ போட்டுட்டாரு. பைய வாங்கற மூஞ்சி எல்லாம் பளிச்னு தெரியுது, அந்த அக்காவும். குரூப்ல எரநூறு பேரு. நான் தான் அட்மின், நான் பாக்கறதுக்குள்ள அது எங்கெங்கயோ போயிடுச்சு.

பிப்ரவரி 12

அந்த அக்கா வீட்டுக்குப் போனேன், கூட பங்குல இருந்து ஒரு பெரியம்மா. அவங்க வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைங்களுக்கு உதவற கத்தோலிக்க அமைப்பு. 1833ல பாரீஸ்ல ஃப்ரெடெரிக் ஓசானாம்னு இருவது வயசுப் பையனும் அவன் ஃப்ரெண்ட்ஸும் ஆரம்பிச்சதாம், வீடு தேடிப் போறது தான் அவங்க மெயின் வேலையே, அதுவும் ரெண்டு ரெண்டு பேரா. பெரியம்மா வழியிலயே சொல்லிட்டாங்க, "போன உடனே நோட்ட வெளிய எடுக்காதீங்க தம்பி, மொதல்ல உக்காருங்க."

ஃபோட்டோவுக்கு மன்னிப்பு கேட்டேன். "பையன் ஸ்கூல்ல காமிச்சிருக்காங்க"ன்னாங்க, அவ்வளவு தான். திட்டியிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பெரியம்மா கேக்கக் கேக்க தான் விஷயம் வந்துச்சு. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், அதுக்கு வாங்குன கடன், வட்டி கட்ட இன்னொரு கடன். நாங்க குடுத்த சாமான் ஒரு வாரத்துல தீந்துடும். வட்டி தீராதே.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதன முடிஞ்சு அவசர மீட்டிங். ஃபோட்டோ இனிமே கிடையாது, இதுல யாரும் வாயத் தொறக்கல. பையில பேரு வேணாம்னு சொன்னப்ப தான் கூச்சல், காணிக்க குடுத்தவங்களுக்கு என்ன கணக்கு காட்டறதுன்னு. கணக்கு வேற, விளம்பரம் வேறன்னேன், கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். கணக்குக்கு வழி பைபிள்ல அப்போஸ்தலர் பவுலே வச்சிருக்காரு, எருசலேம் ஏழைங்களுக்கு சேத்த பணத்த தனியா தூக்கிட்டுப் போகல, சபைங்க தேர்ந்தெடுத்த ஆள கூட சேத்துக்கிட்டாரு, யாரும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு. 2 கொரிந்தியர் 8. அதே மாதிரி ஒரே அக்கவுண்ட், ரெண்டு சபை கையெழுத்து இல்லாம பணம் எடுக்க முடியாது, மூணாவது சபை ஆளு ஆடிட் பண்ணுவாருன்னு முடிவாச்சு.

இன்னொரு ஐடியா பாஸ்டரம்மாவோடது. கட்டுன பைய நீட்டாம மேஜையில பரப்பி வைக்கலாம், வேணுங்கறத அவங்களே எடுத்துக்கட்டும். பைபிள்ல ஏழை விதவை ரூத்து கதிர் பொறுக்க வந்தப்ப வயல்காரர் போவாஸ் மூட்டையா கட்டிக் குடுக்கலயே, வேணும்னே சிந்த விடுங்க, அவள அதட்டாதீங்கன்னு வேலக்காரங்களுக்குத் தான சொன்னாரு. எல்லாரும் அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு மூப்பர் பயந்தாரு.

மார்ச் 1, சனி

யாரும் அள்ளிட்டுப் போகல. ஒரு பாட்டி எடுத்ததுல பாதிய திருப்பி வச்சுட்டு, "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு இவ்வளவு"ன்னு போச்சு. மூப்பர் பாத்துட்டு தான் இருந்தாரு.

கடன் மேட்டருக்கு தனியா ஒரு மேஜ போட்டோம். ரிட்டயர்டான பேங்க் ஆளு ஒருத்தர் பங்குல, வக்கீல் ஒருத்தங்க பெந்தெகொஸ்தே சபையில, எங்ககிட்ட எடம் இருக்கு. மூணும் ஒரே சபையில இருந்திருந்தா நாங்க ஒண்ணா உக்காந்தே இருக்க மாட்டோம். 1952ல ஸ்வீடன்ல லுண்ட்ங்கற ஊர்ல பல சபைங்க கூடுன மாநாட்டுல ஒரு கேள்வி வச்சாங்களாம், விசுவாசத்துல ஆழமான வித்தியாசம் இருக்கற எடம் தவிர மத்த எல்லாத்தையும் நாம சேந்தே செய்யக் கூடாதான்னு. வட்டிக் கணக்கு போடறதுல என்ன உபதேச வித்தியாசம் வந்துடப் போகுது. அந்த அக்காவோட பேப்பர் எல்லாத்தையும் பேங்க் சார் தேதி வாரியா அடுக்குனாரு, மொதல்ல எத அடைக்கணும்னு பென்சில்ல ஒண்ணு ரெண்டு மூணு போட்டாரு. அக்கா அந்த நம்பர்கள ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க.

போகும்போது, "அடுத்த மாசம் சாமான் பரப்ப ஆள் வேணுமா?"ன்னு கேட்டாங்க. வேணும்னேன். காலைல ஏழு மணிக்கு வந்துடறேன்னாங்க. ஸ்டோர் ரூம் சாவி ஒண்ணே ஒண்ணு தான், அது மூப்பர்கிட்ட இருக்கு, அவரு எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டாரு. திங்கக்கிழம போய் இன்னொரு சாவி போட்டுடணும்.