அப்பாவுக்கு 'ச' கேட்காது

"தாத்தா, சீப்பு எடுத்துட்டு வாங்க" என்று என் மகள் கூடத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். அப்பா சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. ஜாடியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் இது புதிதில்லை. "வேணுங்கறது மட்டும் உங்கப்பனுக்கு நல்லாக் கேக்கும்" என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேட்டில் பஸ் திரும்பும் சத்தத்தைத் திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார். நாய் குரைத்தால் எந்த வீட்டு நாய் என்பார். பக்கத்தில் நின்று பேத்தி பேசினால் மட்டும் "என்ன கண்ணு, என்ன கண்ணு?" பஸ் சத்தம் கேட்கிற மனிதருக்குப் பேச்சு எப்படிக் கேட்காமல் போகும்?

அந்த உப்பு ஜாடிக்குப் பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்கு அப்பாவின் கட்டைவிரல் தெரிந்தது. தாழ்ந்த ஒலிகளுக்கு உடனுக்குடன் அழுத்திய விரல், சுருதி ஏற ஏறப் பொத்தான் மேல் சும்மா காத்துக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று தாளில் வரைந்து கொடுத்தார் கேட்பியல் நிபுணர். சுருதியை ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள், எண் ஏறினால் சுருதியும் ஏறும். 500 ஹெர்ட்ஸில் அப்பாவின் காது ஏறக்குறைய என் காது மாதிரியே. 2000-க்கு மேல் கோடு சரிந்து, 4000-ல் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறுகிறது. பார்த்ததும், "ஐயா, என்ன வேலை செஞ்சீங்க?" என்றார்.

தறி. 31 வருஷம், சோமனூர்ப் பக்கம், ஊடை நூலைச் சுமந்து நாடா குறுக்கே ஓடுகிற சாதாத் தறி. ஒரு ஷிப்ட் 12 மணி நேரம்.

நிபுணர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். செவிப்பறை அதிர்ந்து, மூன்று சின்ன எலும்புகள் வழியாக அந்த அதிர்வு உள்காதுக்குப் போகிறது. அதில் கடைசி எலும்பான அங்கவடி, உடம்பிலேயே சின்ன எலும்பு. 3 மில்லிமீட்டர்தான், ஒரு அரிசி மணியின் பாதி. அது போய்த் தட்டுவது நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்ட ஒரு குழாயை. பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர் வரும். அதற்குள் ஒரு சவ்வு. சவ்வின் மேல் வரிசையாக, ஒலியை உணர்கிற சுமார் 15,000 மயிர்ச் செல்கள். கீச்சென்ற ஒலி குழாயின் வாசலருகிலேயே சவ்வை ஆட்டிவிட்டு அடங்கிவிடும். கனத்த ஒலி உள்ளே கடைசிச் சுற்று வரை போய் ஆட்டும். இறந்தவர்களின் காதுகளை எடுத்து நுண்ணோக்கியில் இந்த அலையைப் பார்த்துச் சொன்ன பேக்கஷி என்ற விஞ்ஞானிக்கு 1961-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தறி இரைச்சலில் முதலில் சாவது வாசலை ஒட்டிய செல்கள். ஏன் 4000-ல் பள்ளம் என்று கேட்டேன். காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். புல்லாங்குழல் மாதிரி அதற்கும் ஒரு சுருதி உண்டு, 3000 ஹெர்ட்ஸை ஒட்டி. எந்த இரைச்சல் வந்தாலும் அந்தப் பகுதியைக் குழல் தானே பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது. செத்த செல் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

இப்போது உப்பு ஜாடிக்கு வருகிறேன். அ, ஆ, ஊ, ம, ந எல்லாம் தாழ்ந்த ஒலிகள். பேச்சின் சத்தத்தைச் சுமப்பது அவைதான். 'ச' முழுக்க உச்சியில் இருக்கிறது, அதுவும் மெலிதாக. த, ட, க இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற நுணுக்கமும் மேலேதான் இருக்கிறது. 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் அடிப்பகுதி ஏறக்குறைய ஒன்று, மேல்பகுதியில்தான் வித்தியாசம். 'சீப்பு' என்ற சொல்லில் 'ச' உதிர்ந்து, 'ஈ'யின் தலையும் போனால் மிச்சம் என்ன? அப்பா உப்பை எடுத்து வந்தது சரிதான். அவருக்கு வந்து சேர்ந்த சொல்லை அவர் சரியாகவே கேட்டிருக்கிறார். குழந்தைக் குரல் மெலிது வேறு. பஸ் கனத்த ஒலி, அதனால் தடையில்லாமல் வந்துவிடுகிறது.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு கடையில் பரிசோதனை எதுவும் செய்யாமல் 3,500 ரூபாய்க்கு ஒரு கருவியை மாட்டிவிட்டிருந்தார்கள். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுக்கும். நாலாம் நாள் பீரோவுக்குள் போய்விட்டது. "சத்தமாப் பேசு" என்பார், பேசினால் "ஏன் கத்தறே" என்பார். வயசான கோபம் என்று விட்டுவிட்டோம். அதற்கும் காரணம் அந்தச் செல்கள்தான். மயிர்ச் செல்களில் உள்வரிசை சுமார் 3,500 மூளைக்குச் செய்தி அனுப்பும். வெளிவரிசைகளில் உள்ள 12,000 செல்கள் ஒலியோடு சேர்ந்து தாமும் நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியை மட்டும் தூக்கிவிடும். இரைச்சலுக்கு முதலில் பலியாவது இந்த வெளிவரிசை. மெல்லிய ஒலி காணாமல் போகிறது, பெரிய ஒலி முன்போலவே அறைகிறது. நடுவில் மனிதர் பேசுகிற இடம் மிகக் குறுகிவிடுகிறது.

அந்தச் செல்கள் ஆடும்போது காதே மெல்லிய ஒலியை வெளியே அனுப்புகிறதாம். 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் அதை மைக் வைத்துப் பிடித்தார். பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று இப்போது சோதிக்கிற ஒரு முக்கியமான வழி அந்த எதிரொலிதான். அப்பாவின் காதிலும் மைக் வைத்துப் பார்த்தார்கள். தாழ்ந்த ஒலிகளுக்குப் பதில் வந்தது. 4000-ல் வரவில்லை.

இப்போது இரண்டு காதிலும் கருவி. மெல்லியதை நிறையத் தூக்கி, பெரியதைக் கொஞ்சமாக, அவருடைய கோட்டுக்கு ஏற்ப அமைத்தது. மாத்திரை அளவு பேட்டரி, மேலே ஒரு ஸ்டிக்கர். கிழித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும். உடனே மூடாமல் ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்தார். மூளை பழக வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பழகினார். கூட்டத்தில் இன்னும் கஷ்டம்தான். பேத்தி இப்போது எதிரே வந்து நின்று பேசுகிறாள்.

போன மாதம் அப்பாவோடு அவருடைய பழைய தறிக் குடோனுக்குப் போனேன். காதுக்குள் வைக்கிற நுரை அடைப்பான் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு. காதுக்கு ஏற்ற வரம்பு 85 டெசிபெல், 8 மணி நேரம் என்கிறார்கள். மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். அப்படியே போனால் 100-க்கு 15 நிமிஷம்தான். குடோன் சத்தத்தை என் போனில் அளந்தால் 97, 98 என்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே நாடாவில் தார் (நூல் சுற்றிய குச்சி) மாற்றிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். காதில் பஞ்சு வைத்திருந்தான். பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. அடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையால் தலைக்குப் பின்னால் வழியாகக் காதை மேலே இழுத்து, நுழைத்து, அது விரிகிற வரை பிடித்துக் காட்டினேன். செய்து பார்த்தான். கண்ணை அகல விரித்துத் தலையாட்டினான்.

திரும்பினால், குடோனின் அந்தக் கோடியில் நின்ற பழைய கூட்டாளியோடு அப்பா பேசிக்கொண்டிருந்தார். இடையில் எட்டுத் தறி ஓடுகிறது. வெறும் உதட்டசைவும் விரலும்தான். அவர் எதையோ சொல்ல, அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. கையை விரித்தேன். இன்னொரு முறை சொன்னார். அப்போதும் புரியவில்லை. பக்கத்தில் வந்து, முகத்துக்கு நேராக நின்று, உதட்டை நிதானமாக அசைத்து மூன்றாம் முறை சொன்னார்.

"டீ சாப்பிடலாம் வா, சாமி."