சித்தப்பாவும் ஹோல்ட் பேக்கும்

மும்பை சயானிலிருந்து சித்தப்பா போன். குரலில் பதற்றம். "டே, அமெரிக்காவுல நம்ம பேரன ஸ்கூல்ல ஹோல்ட் பேக் பண்ணப் போறாங்களாம். பச்சப் புள்ளய எதுக்குடா புடிச்சு வைக்கணும்? எம்பஸிக்கு எழுதிப் போடுவமா?"

பிடித்தெல்லாம் வைக்க மாட்டார்கள், அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்பார்கள் என்றேன்.

"ஃபெயிலா? அத ஃபெயில்னு சொன்னா வாய் சுட்டுருமோ?"

நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் 'ஹெல்ட் பேக்' செய்யக் கூடாது என்றது. 2019-ல் அதைத் திருத்தி, மறுதேர்விலும் தேறாதவர்களை 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்க வழிவிட்டார்கள். சித்தப்பா எட்டாவதை ரெண்டு தடவை படித்தவர். சட்டம் லேட்டாக வந்ததில் அவருக்கு வருத்தம்.

சும்மா விடாமல் நானும் மிச்ச அர்த்தங்களை அவிழ்த்துவிட்டேன். அழுகையை அடக்கினாலும் ஹோல்ட் பேக்தான், விஷயத்தைச் சொல்லாமல் மறைத்தாலும் அதேதான். ஒருத்தர் முன்னேற்றத்துக்குக் குறுக்கே எது நின்றாலும் அது அவரை ஹோல்ட் பேக் பண்ணுகிறது. கூட்டத்தைப் போலீஸ் பின்னால் தள்ளி நிறுத்துவதும் அதில் சேர்த்தி.

கடைசி அர்த்தம்தான் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் சாயங்காலம் தாதரிலிருந்து ஸ்லோ லோக்கலில் வந்திருக்கிறார். சயானில் இறங்க வேண்டும். வண்டி நிற்பதற்குள் பிளாட்பாரம் மொத்தமும் உள்ளே பாய்கிறது. முப்பது வருஷ மும்பைக்காரர், வழக்கம்போல் "உதர்னே தோ!" (இறங்க விடு!) என்று முழங்கையை விட்டிருந்தால் இறங்கியிருப்பார். இவரோ வலது கையை டிராஃபிக் போலீஸ் மாதிரி நீட்டி, "ஹோல்ட் பேக்! ஹோல்ட் பேக்!" என்றிருக்கிறார். சீட்டு பிடித்துத் தரச் சொல்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு புண்ணியவான் அவர் பையை வாங்கி உள்ளே கடத்திவிட்டான். பை போன வழியே சித்தப்பாவும் போனார். இறங்கியது குர்லாவில்.

வீடு வந்து சேர்ந்தவரைப் பார்த்துச் சித்தி ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீ எங்கிட்ட என்னமோ ஹோல்ட் பேக் பண்ணுத."

"ஆமா, ஊர்லேருந்து வந்த அல்வாவ. சுகர் ரிப்போர்ட் வரட்டும், பார்ப்போம்."