பரண்ல இருந்து இறங்கின சார்ஜர் பரம்பரை

வேண்டாததை எல்லாம் கழிச்சுக் கட்டலாம்னு பரண்ல கை வெச்சா முதல்ல இறங்கினது ஒரு பை நிறைய ஒயர். எது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியல, ஒன்னை இழுத்தா மொத்த பரம்பரையும் கூடவே வருது. அந்தக் காலத்து மொத்த பின் சார்ஜர், சின்ன பின் சார்ஜர், செத்துப்போன கேமராவோட கேபிள், அப்புறம் எதுக்குன்னே தெரியாத ஒரு அடாப்டர் (அதுல மட்டும் "பத்திரம்"னு பேப்பர் ஒட்டியிருக்கு, எழுதினது சாட்சாத் எங்க வீட்டுக்காரர்).

"ஏங்க, இதெல்லாம் தூக்கிப் போட்டுடவா?"ன்னேன். சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி பதறிட்டார். "ஒருநாள் இல்ல ஒருநாள் உதவும்மா"ங்கிறார். எந்த போனுக்குங்க உதவும், ஐரோப்பாவுல 2024 டிசம்பர்லருந்து புது போனுக்கெல்லாம் டைப்-சி தான்னு சட்டமே வந்தாச்சு, நீங்க இன்னும் மொத்த பின்னுக்கு வாரிசு தேடிட்டு இருக்கீங்கன்னேன். மனுஷன் வாயே திறக்கல.

அடுத்து பில் டப்பா. வாரண்டிக்கு வேணும்னு வருஷக்கணக்கா சேர்த்தது. திறந்தா அத்தனையும் வெள்ளைப் பேப்பர்! அந்த பில்லுல மையே கிடையாது, சூடு பட்டு கறுக்கிற பேப்பர், நாளாக நாளாக எழுத்து தானா மங்கிடும். வெறும் பேப்பரை ரப்பர் பேண்ட் போட்டு காபந்து பண்ணியிருக்கோம்.

இவரை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. உளவியல் அறிஞர் டேனியல் கானமன், பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் கூட்டணி 1990ல வெளியிட்ட காபி கப் சோதனை ஒன்னு இருக்கு, கப்பை சும்மா குடுத்துட்டு என்ன விலைக்கு விப்பேன்னு கேட்டா, கப் கிடைக்காதவங்க வாங்கத் தயாரா இருந்த விலைய விட ரெண்டு மடங்குக்கு மேல சொல்லியிருக்காங்க. இப்பதான் கைக்கு வந்த கப்புக்கே அந்தப் பாசம்னா பரண்ல இவ்ளோ காலம் தூங்கின அடாப்டருக்கு கேக்கணுமா?

பைக்கு அடியில ஒரு பழைய போன், பேட்டரி உப்பி பின்மூடியைத் தள்ளிட்டு நிக்குது. இதுல மட்டும் நான் விளையாடல. உள்ள கேஸ் சேர்ந்துதான் உப்புது, குத்தினாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கலாம், சாதா குப்பைல போடவே கூடாது. தனியா எடுத்து வெச்சு இ-வேஸ்ட் வாங்குற இடத்துல குடுத்தாச்சு.

மத்ததுக்கு ஒரு சமாதான உடன்படிக்கை, எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வழியனுப்பலாம்னு. ஒயரை ஒவ்வொன்னா பிரிச்சு, நேரா படுக்க வெச்சு, வெளிச்சம் பத்தலன்னு ஜன்னல் பக்கம் நகர்த்தி எடுத்தார், என்னைக்கூட இவ்ளோ பொறுமையா எடுத்ததில்ல. பை காலி. இப்ப போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது, அந்த போட்டோவையாவது அழிங்கன்னா "இரும்மா, எப்பவாவது தேவைப்படும்"ங்கிறார்.