தாத்தாவின் போர்க்கைதி அட்டை கிடைத்த கதை

அம்மாவின் அப்பா ராணுவ மருத்துவர், கேப்டன். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 21 அன்று லிபியாவில் உள்ள டோப்ருக் ஜெர்மானிய, இத்தாலியப் படைகளிடம் வீழ்ந்தபோது பிடிபட்டு, இத்தாலியில் அவெர்சா முகாமில் இருந்தார். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர்கள் கைதிகள் பலரை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் முதலில் எழுதிக் கேட்ட ஆவண அலுவலகம் ஒரே வரியில் முடித்துவிட்டது: ஒஃப்லாக் என்ற, கைதியான அதிகாரிகளுக்கான ஜெர்மன் முகாம்களின் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. மறுபடி தேடச் சொன்னால், "அதிகாரி என்றால் ஒஃப்லாக்கில்தான் இருப்பார், அங்கே இல்லையென்றால் இல்லைதான்" என்று பதில். இன்னும் ஆறவில்லை எனக்கு. அதிகாரிகளுக்கு ஒஃப்லாக், சிப்பாய்களுக்கு ஸ்டாலாக் என்பது பொது விதி, அவ்வளவுதான். சிப்பாய்க் கைதிகளுக்கு வைத்தியம் பார்க்க மருத்துவ அதிகாரிகளை ஸ்டாலாக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். கைதியாக இருந்த உங்கள் வீட்டுப் பெரியவர் டாக்டராகவோ பாதிரியாராகவோ இருந்தால் இரண்டிலும் தேடச் சொல்லுங்கள், விடாதீர்கள்.

அடுத்தது பெயர். தாத்தாவுக்கு இரண்டு இனிஷியல், ஒன்று ஊர், ஒன்று அப்பா பெயர். லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 416 என்ற வரிசையில் ஜெர்மானியர்கள் எழுதிய கைதி அட்டைகள் இருக்கின்றன. எல்லோருடையதும் இல்லை, தப்பிப் பிழைத்தவை மட்டும். அங்கே தாத்தா பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. பிறந்த தேதியை வைத்துத் தேடியதில் "குத்தாலம்" என்று ஒருவர் வந்தார். ஊரையே குடும்பப் பெயராக்கி வைத்திருக்கிறார்கள்! தேதியும் வீட்டில் சொல்வது உதவாது, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் தேதிதான் ராணுவத்துக்குப் போயிருக்கும்.

பணம் கட்டியது, விண்ணப்பித்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் படியெடுத்துத் தந்தவர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பினார். புகைப்படம், உயரம், வலது ஆள்காட்டி விரல் ரேகை, கொள்ளுப்பாட்டியின் பெயர்கூட இருந்தது. எனக்கு வேண்டியது பின்பக்கம். தடுப்பூசி, நோய், முகாம் மாற்றம் எல்லாம் அங்கேதான் எழுதுவார்கள். திரும்பக் கேட்டு வாங்கினேன். ஒரு ஒஃப்லாக், பிறகு இரண்டு ஸ்டாலாக், தேதியோடு.

கேட்கும்போதே இரண்டு பக்கமும் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். விடுதலையானதும் கைதிகள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் டபிள்யூ.ஓ. 344 வரிசையில் இருக்கின்றன. அடுத்து அதில்தான் தேடப்போகிறேன், "குத்தாலம்" என்ற பெயரையும் சேர்த்து.