"சரி சிஸ்டர்"

என் பிசியோதெரபி மாணவி வார்டு நர்ஸிடம் "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நோயாளியின் கால்களைத் திரும்பக் கட்டில்மேல் எடுத்து வைத்ததற்கு, குழுவாக வேலை செய்யும் திறன் என்ற இடத்தில் முழு மதிப்பெண் போட்டேன். போட்டதிலிருந்து மனசு ஒப்பவில்லை.

பக்கவாத நோயாளி. படுத்திருந்தபோது பிபி 138/84, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தபின் 124/80. தாங்கும் அளவுக்கு நடமாடலாம் என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார். நிற்க வைக்கப் போகும்போது சிஸ்டர் வந்தார். "காலையிலே தலை சுத்துதுன்னார். இன்னைக்கு நிக்க வைக்க வேண்டாம்மா." மாணவி என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

வேண்டுமென்றேதான். நான் பேசியிருந்தால் அது பிசியோவுக்கும் நர்சிங்குக்குமான பஞ்சாயத்தாகியிருக்கும். சீனியர் வந்து ஜெயித்துக் கொடுத்தால் அவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

ஆனால் பேசாமல் இருந்தபோது மட்டும் எதைக் கற்றாள்? மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால்தான் கவலைப்படுவோம். இங்கே மேல் அழுத்தம் 14, கீழ் அழுத்தம் 4 மட்டுமே இறங்கியிருந்தது. அதை அவள் சொல்லவே இல்லை. அந்தக் கணக்குகூட எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டியது; உட்கார்ந்து பார்த்தது பாதிக் கதைதான். தலைசுற்றல் எப்போது வந்தது, மாத்திரை ஏதாவது மாற்றினார்களா என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சிஸ்டர் பக்கமே நியாயம் என்று தெரிந்திருக்கலாம்.

வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒன்றாகச் சேர்ந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் சொன்னதை வகுப்பில் நடத்துகிறவனே நான்தான். அன்றைக்குத் தகவல் ஒரு பக்கமாகத்தான் வந்தது. அவள் எடுத்த அளவுகள் அவள் நோட்டிலேயே தங்கிவிட்டன.

ஒரு நாள் தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது, அதுவும் உண்மை. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் குறைவு என்று 2015-ல் அவெர்ட் ஆய்வு காட்டியபிறகு, எங்கள் துறையிலேயே அவசரம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் அவள் அதையெல்லாம் யோசித்துப் பின்வாங்கவில்லை. அனுபவசாலி சொன்னார், விட்டுவிட்டாள்.

அடுத்த பேட்சிடம், "வேண்டாம் என்றால் காரணம் கேளுங்கள், அப்புறம் உங்கள் அளவைச் சொல்லுங்கள்" என்றேன். ஒரு பையன் அப்படியே செய்தான். "உங்க ஸ்டூடன்ட் என்னையே கேள்வி கேக்கிறார் சார்" என்று சிஸ்டர் என்னிடம் வந்தார். அதே கோபத்தில் காரணமும் வந்தது: ரவுண்ட்ஸில் டாக்டர் வாயால் சொன்னது கேஸ் ஷீட்டில் இன்னும் ஏறவில்லையாம்.