போர்வெல் தண்ணீரும் குளத்துப் பாசியும்: ஒரு செடித்தொட்டி நாட்குறிப்பு

ஜூன் 14

தண்ணீருக்குள் செடியும் கொஞ்சம் மீனும் வளர்க்கக் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும். மண்ணும் மணலும் போக 45 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். மொத்த எடை எழுபது கிலோவைத் தாண்டும் என்பதால் கூடத்துச் சிமெண்டு மேடையில் தெர்மாகோல் அட்டை விரித்து அதன்மேல் வைத்தாயிற்று. வெயில் நேராக விழாத மூலை.

கும்பகோணத்துக் கடைக்கார அண்ணன் செடிக்குத் தண்ணீரில் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பாக்கெட் மண், உரக் குப்பி என்று நீளமாகப் பட்டியல் போட்டார். பொருளில் குறையில்லை. ஆனால் அந்த மாதிரித் தொட்டிகள் 24, 25 டிகிரியில் வைத்துப் பார்க்க வேண்டியவை. ஏசி இல்லாத எங்கள் கூடத்தில் சித்திரையில் தண்ணீரே 32 டிகிரிக்குப் போகும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் வாயு குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான். காசு கொடுத்து ஏற்றும் வாயுவும் அப்படித்தான் பறக்கும். எங்கள் ஊர் வலங்கைமானில் வைக்கும் தொட்டியில் வலங்கைமான் சூட்டுக்குப் பழகிய செடிதான் வளர வேண்டும்.

ஜூன் 17

மண் வேலை. வயல் மண் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. யூரியா, டிஏபி உரம் போட்ட மண் தண்ணீருக்குள் போனால் அம்மோனியாவாகக் கசியும். உரம் பார்க்காத கொல்லை வண்டலைச் சலித்து, ஊறவைத்து, மேலே மிதந்த சருகை வடித்து, காயப்போட்டு, மறுபடி ஊறவைத்தேன். அடியில் ஓரங்குலம் வண்டல், மேலே ஓரங்குலம் ஆற்று மணல். மணலில் வினிகர் விட்டுப் பார்த்ததில் அங்கங்கே நுரைத்தது. நத்தை ஓட்டுத் துணுக்கு, அதாவது சுண்ணாம்பு. பொறுக்கி எடுத்தேன்.

ஜூன் 23

குடமுருட்டியில் புதுத் தண்ணீர், நொப்பும் நுரையுமாக. ஊரே பாலத்தில் நின்று பார்க்கிறது. தொட்டிக்கு அது ஆகாது.

செடிக்கு மாமாவின் குளத்துக்குப் போனேன். வயல் வடிகால் விழாத குளம். மருந்தடித்த தண்ணீர் சேராது. வேலம்பாசி ஒரு வாளி, கரையோரத்தில் நீர்ப்பிரம்மி கொஞ்சம். நாடா மாதிரி நீள இலை விடும் வாலிஸ்னேரியா மட்டும் கடையில் வாங்கியது. மாமா கரையில் நின்று சிரித்தார்: “நாங்க பாசி எடுக்க ஆள் வைக்கிறோம், நீ பாசி வளக்கத் தொட்டி வாங்கியிருக்கியா மாப்ள?”

செடி வாளியிலேயே கிடக்கட்டும். அட்டையும் தட்டான் புழுவும் வெளியே வரட்டும். தட்டான் புழு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும்.

ஜூலை 5

நட்டு முடித்துத் தண்ணீர் நிரப்பிய பிறகு முதல் சோதனை. அம்மோனியா 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். எதிர்பார்த்ததுதான், மண் புதுசு. எங்கள் போர்வெல் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 8. அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு, பிஎச் 7-ஐவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு. சூடு அதை இன்னும் ஏற்றும். அதனால் ‘ரெண்டு நாள்ல மீன் விடலாம்’ என்ற பேச்செல்லாம் இந்தத் தண்ணீரில் செல்லாது. பாக்டீரியா வேரூன்றி அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும்வரை பல வாரம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் குழாயில் வெள்ளைப்படலம் கட்டும் இதே போர்வெல் தண்ணீருக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. வேலம்பாசிக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பன் எடுத்துக்கொள்ளத் தெரியும். எல்லாச் செடிக்கும் அது வராது. சிலிண்டர் செலவு மிச்சம்.

ஜூலை 21

கண்ணாடியில் பச்சை படிகிறது. விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்தேன். மாமா அசோலா என்ற மிதக்கும் செடியைத் தருகிறேன் என்றார். நிழலுக்குச் சரி, ஆனால் அது தனக்கான தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்வது. தண்ணீரில் இருப்பதை உறிஞ்ச அதை நம்ப முடியாது. வேலம்பாசியில் கொஞ்சத்தை வேரில்லாமல் மேலே மிதக்கவிட்டேன். நிழலும் ஆச்சு, உறிஞ்சலும் ஆச்சு.

மணலைக் குச்சியால் குத்திப் பார்த்தால் குமிழி வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் இல்லை. அடிமண் கெடவில்லை, நல்லது.

ஆகஸ்ட் 10

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். மீன் விட்டேன்: முண்டக்கண்ணி, ஆறு. மேல்மட்டத்தில் நீந்தும், கொசுப்புழு தின்னும், வெந்நீர் மாதிரி தண்ணீரையும் தாங்கும். ஆனால் துள்ளும், மூடி இல்லாமல் வைக்கக் கூடாது. கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். அயிரையும் ஆசைதான். மணலைக் கிளறி வண்டலை மேலே கொண்டுவந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். “அயிரைன்னா குழம்புக்காவது ஆகும்” என்றார் அத்தை.

ஆகஸ்ட் 22

பராமரிப்புக்காகப் பகலெல்லாம் கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்திலேயே இலைகளில் குமிழி விட்டது, மீன்கள் சும்மா திரிந்தன. ராத்திரி மின்வெட்டுதான் கவனிக்க வேண்டியது. இருட்டில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும்.

செப்டம்பர் 9

வேலம்பாசி மேலே வந்து மடிகிறது. பாதிக்குப் பாதி வெட்டினேன். வெட்டியதெல்லாம் தென்னம்பாத்திக்கு. ஆற்றில் போடலாமே என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். வேலம்பாசி இங்கேயே உள்ளதுதான், ஆனாலும் அந்தப் பழக்கமே வேண்டாம் என்றேன். வாய்க்காலை அடைக்கும் வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. தொட்டி கழுவும் என்று விற்கும் சக்கர் மீனும் அங்கிருந்து வந்ததுதான். வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதில் இன்று நம் ஏரிகளில் கிடக்கிறது.

பாசி நுனியில் முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. வெட்டும்போது பார்த்து, அந்தக் கொத்தைத் தனி டப்பாவில் போட்டுவைத்தேன். தொட்டியிலேயே விட்டால் பெரிசுகள் தின்றுவிடும். மாமாவிடம் சொன்னதும், மாட்டுத் தொட்டியில் கொசுப்புழு நெளிகிறதாம், குஞ்சு வந்தால் நாலு வேண்டும் என்றார். கழுநீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுவதாக இருந்தால் தருகிறேன் என்றிருக்கிறேன்.